என் பெயரில் ஒரு கார் டெங்கிலில் ஓடுகிறது

1

கிள்ளானில் எங்கள் வீட்டுக்குப் பால் காய்ச்சி ஒரு வாரம் ஆகிறது. நாமக்கல்லில் இருந்து அழைத்து வாழ்த்திய எல்லோரும் ஒரே கேள்வியில்தான் முடித்தார்கள். மலேசியா போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆயிற்று, கணவன் மனைவி இரண்டு பேரும் சம்பாதிக்கிறீர்கள், ஒரு வீடு வாங்க இவ்வளவு நாளா? அம்மா மட்டும் கேட்கவில்லை. அவளுக்குப் பாதி தெரியும். மீதியை நான் சொல்லவில்லை.

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லப் பொறுமை இல்லை. நான் மென்பொருள் சோதிக்கும் வேலையில் இருப்பவள். ஒரு பிழையைக் கண்டால் என்ன நடந்தது, எந்த வரிசையில் நடந்தது, என்ன நடந்திருக்க வேண்டும் என்று எழுதிப் பழக்கம். இங்கும் அப்படியே எழுதப் பார்க்கிறேன். இடையில் கோபம் வந்தால் அதைத் திருத்தப்போவதில்லை.

2

நான் வந்த புதிதில் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு அறையில் தங்கி, சுபாங் ஜெயாவில் இருந்த அலுவலகத்துக்கு ரயிலில் போய் வந்தேன். குமரன் அறிமுகமானது அந்த நாட்களில்தான். இங்கேயே பிறந்து வளர்ந்தவர், கிள்ளான்காரர், ஏர்கண்டிஷன் பொருத்தும் நிறுவனத்தில் மேற்பார்வையாளர். எங்கள் இருவரில் என் சம்பளம்தான் அதிகம். கல்யாணமாகி ஐந்தாறு வருஷம் கழித்து எனக்கு நிரந்தரவாசிக்கான சிவப்பு அட்டை கிடைத்தது. அட்டை வந்த அதே மாதத்தில் என் பெயருக்கு ஒரு வேலை வந்தது.

இங்கே நம் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. 'பேர் குடுக்கிறது' என்பார்கள். ஒருவருக்குக் கார் வேண்டும், ஆனால் பழைய பாக்கிகளால் அவர் பெயருக்கு வங்கி கடன் தராது. அப்போது குடும்பத்தில் சம்பளச் சீட்டு உள்ள, பெயர் கெடாத ஒருவர் தன் பெயரில் கடன் எடுத்துத் தருவார். கார் அவருடையது, மாதத் தவணையும் அவருடையது, பெயர் மட்டும் உங்களுடையது. கல்யாணத்துக்கு நகை இரவல் கொடுப்பதுபோல இதைச் செய்கிறார்கள்.

குமரனின் தம்பி முரளி கல்யாண மண்டப அலங்காரம் செய்துகொண்டிருந்தான். சாமான் ஏற்ற ஒரு ஏழு சீட் கார் தேவைப்பட்டது. மாமியாரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன்; அவர் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டின்போது பேச்சு வந்தது.

"இவன் பேரு பிளேக்லிஸ்டு," என்றார் அத்தை. பிள்ளைக்குச் சளி பிடித்திருக்கிறது என்று சொல்லும் அதே குரல்.

"உங்க பேர்ல போட்டா பேங்க்ல கேள்வியே கேக்க மாட்டான் லா, அண்ணி," என்றான் முரளி. "மாசா மாசம் நான் கட்டிடுவேன். உங்களுக்கு ஒரு வேலையும் இல்ல. சைன் மட்டும்."

நான் குமரனைப் பார்த்தேன். அவர் மீன் முள்ளை எடுப்பதில் கவனமாக இருந்தார்.

"வெளியாளுக்கா கேக்குறோம்?" என்றார் அத்தை. "சோத்துல கைய வச்சிக்கிட்டு யோசிக்காதம்மா. சாப்பிடு."

மறுத்திருக்கலாம் என்று இப்போது எல்லோரும் சுலபமாகச் சொல்கிறார்கள். அந்த வீட்டுக்கு வந்து ஐந்தாறு வருஷம் ஆகியும் நான் வெளியாள்தான். நான் உப்பு அதிகமாகப் போட்டாலும் இந்தியாப் பெண், பேருந்துக்குக் காத்திருந்து தாமதமாக வந்தாலும் இந்தியாப் பெண். மறுத்திருந்தால் கஞ்சத்தனமும் சேர்ந்திருக்கும். கையெழுத்துப் போட்டேன். விண்ணப்பத்தில் தொடர்பு எண் என்ற கட்டத்தில் முரளி தன் எண்ணை எழுதினான். "ரிமைண்டர் எல்லாம் எனக்கே வரட்டும், உங்களுக்கு ஏன் தொல்லை?" என்றான். அக்கறையாகத்தான் தோன்றியது. முகவரி அப்போது நாங்கள் இருந்த பிரிக்ஃபீல்ட்ஸ் வாடகை வீடு. அதன் பிறகு மூன்று வீடு மாறிவிட்டோம்.

3

என் அப்பா நாமக்கல்லில் ஒரு லாரி பைனான்ஸ் கம்பெனியில் காசாளராக இருந்தவர். தவணை கட்டாத லாரியைச் சீசிங் செய்து கொண்டுவந்து அலுவலகத்துக்குப் பின்னால் இருந்த காலி மனையில் நிறுத்துவார்கள். பள்ளி விட்டு வரும்போது புதிதாக எந்த லாரி நிற்கிறது என்று பார்ப்பேன். முன் கண்ணாடியில் பிள்ளைகளின் பெயரை எழுதி வைத்திருப்பார்கள். காவியா, தினேஷ் என்று. அந்தப் பிள்ளைகளில் சிலர் என் வகுப்பில் படித்தார்கள். லாரி வந்து நின்ற மறுநாள் அவர்கள் என்னோடு பேசமாட்டார்கள்.

அப்பா யாருக்கும் ஜாமீன் கையெழுத்துப் போட்டதில்லை. சொந்த மச்சானுக்கே போடவில்லை. அதனால் அந்த மாமா வீட்டுக் கல்யாணத்துக்கு எங்களுக்குப் பத்திரிகை வரவில்லை. அம்மா அன்று முழுக்க அழுதாள். அப்பாவை எனக்கு அப்போது பிடிக்கவில்லை, கல் மனசுக்காரர் என்று நினைத்தேன். நான் அப்படி ஆகக்கூடாது என்றும் நினைத்திருக்கலாம். இறந்துபோன மனிதர்மேல் பழியைப் போட இது ஒரு வசதியான விளக்கம் என்பதும் எனக்குத் தெரியும்.

ஊரில் கடன் என்பது முகம் சம்பந்தப்பட்டது. ஒருவன் கட்டவில்லை என்றால் ஏன் கட்டவில்லை, மனைவிக்கு ஆபரேஷனா, டிரைவர் ஏமாற்றினானா என்று கடைத்தெருவுக்கே தெரியும். அதில் அவமானமும் உண்டு, கொஞ்சம் கருணையும் உண்டு. இங்கே என்னை யாருக்கும் தெரியாது. அவமானப்படக்கூட ஆள் வேண்டியிருக்கிறது.

4

சென்ற வருஷத்துக்கு முந்தைய வருஷம் எங்கள் வாடகை வீட்டை உரிமையாளர் விற்கப் போவதாகச் சொன்னார். எங்கள் மகள் தாரிணிக்கு அப்போது எட்டு வயது. ஏற்கெனவே இரண்டு பள்ளி மாறியவள். இனி வாடகை வேண்டாம் என்று முடிவு செய்து, அவள் பள்ளிக்கு நடந்து போகும் தூரத்தில் ஒரு அடுக்குமாடி வீட்டைப் பார்த்தோம். மூன்று அறை. காற்று இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போகும் வீடு.

"Mama, this one mine," என்று கடைசி அறைக்குள் ஓடினாள். என் மகள் தமிழில் யோசிப்பதில்லை. அவசரத்துக்கு ஆங்கிலம், சண்டைக்கு மலாய். நாமக்கல் பாட்டியிடம் வீடியோவில் பேசும்போது மட்டும் தமிழ், அதுவும் "ஓகே பாட்டி, நல்லா இருக்கேன் லா" என்பதோடு முடிந்துவிடும். அன்று அறையைவிட்டு வெளியே வர மறுத்தாள். போய்ப் பார்த்தால் கதவுக்குப் பின்னால் சுவரில் பென்சிலால் தன் பெயரை எழுதிக்கொண்டிருந்தாள். எனக்குப் பதறிவிட்டது. வீட்டைக் காட்ட வந்த முகவர் சிரித்துக்கொண்டே பரவாயில்லை என்று மலாயில் சொன்னார். எப்படியும் உங்கள் வீடுதானே என்றார்.

முன்பணம் கட்டினோம். கடனுக்கு மூன்று வங்கிகளில் ஒரே வாரத்தில் விண்ணப்பித்தேன். வேலைக்குப் பத்து இடத்தில் விண்ணப்பிக்கிறோமே, அதுபோல எந்த வங்கி வட்டி குறைவாகத் தருகிறதோ அதை எடுக்கலாம் என்று கணக்குப் போட்டேன். மூன்றும் மறுத்தன.

பிரிக்ஃபீல்ட்ஸ் கிளையில் ஷாமினி என்ற பெண் அதிகாரி மட்டும் உட்காரவைத்துக் காரணம் சொன்னாள். என்னைவிடச் சிறியவள்.

"அக்கா, உங்க சம்பளம் நல்லா இருக்கு. ஆனா நீங்க காரு ஒழுங்கா கட்டலையே?"

"எனக்குக் கார் இல்லையே."

அவள் திரையை என் பக்கம் திருப்பினாள். இங்கே ஒவ்வொருவரின் கடனுக்கும் கடைசிப் பன்னிரண்டு மாதங்கள் தெரியும், மாதத்துக்கு ஒரு எண். ஒழுங்காகக் கட்டியிருந்தால் பூஜ்யம். ஒரு தவணை பாக்கி இருந்தால் ஒன்று, இரண்டு பாக்கி என்றால் இரண்டு. என் பெயருக்கு நேரே ஒன்றும் இரண்டும் மாறி மாறி வரிசையாக நின்றன. ஒரு பூஜ்யம்கூட இல்லை.

"கெட்டிக்கார ஆளு," என்றாள் ஷாமினி. "காரை இழுக்குற ஆளுங்க வர மாதிரி இருக்கும்போது ஒரு மாசம் கட்டிடுறாங்க. அப்புறம் விட்டுடுறாங்க. யாருக்கா, தம்பியா?"

"கொழுந்தன்."

"ம்ம். எனக்கு அண்ணன்," என்றாள். பாக்கியை உடனே கட்டச் சொன்னாள். கட்டினாலும் பழைய எண்கள் அழியாது, மாதத்துக்கு ஒன்றாகத்தான் பின்னால் விழும் என்றாள். மூன்று வங்கியில் ஒரே நேரத்தில் கேட்டதும் பதிவில் இருக்கிறது, பணத்துக்கு அலைபவள்போலத் தெரியும், இனி கேட்காதீர்கள் என்றாள். பிறகு தயங்கி, "கிரெடிட் கார்டு வச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல. எனக்குக் கடனே கிடையாது." கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

"அதுவும் ஒரு பிரச்சினைதான் அக்கா," என்றாள்.

5

முரளியிடம் கேட்டபோது அவன் கோபப்படவில்லை. அவனுக்குக் கோபமே வராது, அதுதான் அவனிடம் எல்லோருக்கும் பிடித்தது.

"கார் என்கிட்ட இல்ல அண்ணி. சம்போங் பாயார் குடுத்துட்டேன்."

அது இங்கே இன்னொரு வழக்கம். கடன் முடியாத காரை வேறு ஒருவர் கையில் கொடுத்துவிடுவது. அவர் ஒரு தொகை கொடுத்துக் காரை எடுத்துக்கொண்டு, மீதித் தவணையைத் தொடர்ந்து கட்டுவார். பெயர் மாற்றுவதில்லை. முரளியின் தொழில் படுத்ததும் டெங்கில் என்ற ஊரில் ஒரு ஆளுக்கு அப்படிக் கொடுத்திருக்கிறான். "அவன்தான் சரியா கட்ட மாட்றான் போல. நான் பேசுறேன்," என்றான். என் பெயரில் இருந்த கடன் என்னைக் கேட்காமல் இன்னொரு கை மாறியிருந்தது.

அவன் பேசுவதற்காக நான் காத்திருக்கவில்லை. அந்த ஆளின் விலாசத்தை வாங்கி அடுத்த ஞாயிற்றுக்கிழமை குமரனையும் கூட்டிக்கொண்டு டெங்கிலுக்குப் போனேன். வழியெல்லாம் செம்பனை மரங்கள். அந்த ஆளிடம் என்ன கேட்க வேண்டும் என்று மனசுக்குள் வரிசையாக அடுக்கிக்கொண்டே போனேன். சீசிங் போகும் கம்பெனி ஆட்கள் இப்படித்தான் போயிருப்பார்கள் என்று நினைத்ததும் எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

செல்வம் என்ற அந்த ஆள் வரிசை வீட்டின் முன்னால் காரைக் கழுவிக்கொண்டிருந்தார். என் காரை அன்றுதான் முதன்முதலில் சரியாகப் பார்த்தேன். வெள்ளை நிறம். பின்னால் பிள்ளைகளின் புத்தகப் பைகள் கிடந்தன. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப் போவதுதான் அவர் தொழில்.

"நான்தான் இந்தக் காரோட பேரு," என்றேன். வேறு எப்படி அறிமுகம் செய்துகொள்வது என்று தெரியவில்லை.

அவர் தண்ணீர்க் குழாயை மூடினார். "உள்ள வாங்கக்கா. பசியாறிட்டீங்களா?"

"நீங்க ஏன் தவணை கட்டுறதில்ல?"

"யாரு சொன்னா?" அவர் குமரனைப் பார்த்தார், பிறகு என்னை. "நான் ஒரு மாசம் விட்டதில்ல அக்கா. பிள்ளைங்க காசு வந்த அன்னைக்கே முரளி பாஸுக்கு அனுப்பிடுவேன். அவரு பேங்க்ல கட்டுறேன்னாரு. நேரா கட்டவான்னு கேட்டேன், வேணாம், பேங்க் கண்டுபிடிச்சா பிரச்சினைன்னாரு. கேட்டுப் பாருங்க."

உள்ளிருந்து அவர் மனைவி, "கட்டாம இருந்தா காரை இழுத்துடுவான்னு நாங்க பயந்துகிட்டுக் கிடக்கோம். இவங்க வந்து கேள்வி கேக்குறாங்க," என்று எங்களுக்குக் கேட்கும்படி சொன்னாள்.

நான் குமரனைப் பார்த்தேன். அவர் முகத்தில் வருத்தம் இருந்தது. ஆச்சரியம் இல்லை.

திரும்பும்போது, குமரனின் கம்பெனி வேன் செம்பனை மரங்களைத் தாண்டியதும் கேட்டேன்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"கார் கை மாறினது தெரியும். காசை இவனே எடுத்துக்கிறான்னு தெரியாது." சற்றுக் கழித்து, "சந்தேகம் இருந்துச்சு," என்றார்.

"ஏன் சொல்லல?"

"சொல்லி என்ன பண்ண? அவனுக்கு அப்ப ரொம்பக் கஷ்டம். நீ சும்மாவே எங்க ஆளுங்கள ஒரு மாதிரி பாப்ப."

கேட்க வேண்டும் என்று அடுக்கி வைத்திருந்த எதுவும் அதற்குப் பிறகு தேவைப்படவில்லை.

6

பெயரைச் சரிசெய்ய நான் செய்தவை இவை. வீட்டுக்கென்று சேர்த்ததில் இருந்து பாக்கியை ஒரே தடவையில் கட்டினேன். வங்கிக்குப் போய்த் தொடர்பு எண்ணையும் முகவரியையும் மாற்றினேன். அந்த எளிய மாற்றத்துக்கு இரண்டு கவுண்டரும் ஒரு சத்தியக் கடிதமும் தேவைப்பட்டன. பிறகு, கடனே இல்லாமல் வளர்க்கப்பட்ட நான், ஒரு கிரெடிட் கார்டு வாங்கினேன். தேவையில்லாத கடனை வாங்கி மாதாமாதம் அடைத்துக் காட்டினால்தான் இங்கே நாணயஸ்தர்.

காரை வங்கியிடமே ஒப்படைத்துவிடலாம் என்று முதலில் நினைத்தேன். ஏலத்தில் விற்றுப் பற்றாத தொகையை மறுபடி என் பெயரிலேயே எழுதுவார்கள் என்று ஷாமினி சொன்னாள். காருக்காக முரளிக்குச் செல்வம் கொடுத்த பணமும் போகும், அந்தப் பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் வண்டியும் போகும். அதனால் காரை விட்டுவைத்தேன். இனி நேராக என் கடன் கணக்கில் கட்டுங்கள் என்று அவரிடம் சொன்னேன். இது ஒப்பந்தப்படி தவறு என்று தெரிந்தேதான் செய்தேன்.

அன்று முதல் ஒவ்வொரு மாதமும் அவர் கட்டிய ரசீது என் கைப்பேசிக்கு வரும். கூடவே ஒரு கட்டைவிரல் படம். "அக்கா, முடிஞ்சிச்சு." பெருநாள் மாதமென்றால் இரண்டு நாள் முன்பாகவே வரும். என் பெயருக்கு நேரே பூஜ்யங்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. அந்தப் பூஜ்யங்களைச் சம்பாதித்துத் தந்தவர் எனக்கு எந்த உறவும் இல்லாத டெங்கில்காரர். உறவுக்காரன் அந்த வருஷம் தீபாவளிக்குப் புதுச் சட்டையில் வந்து, "அண்ணி இன்னும் கோவமா?" என்று முறுக்கை எடுத்துக் கடித்தான். அத்தை என்னிடம் தனியாகச் சொன்னார்: "அவன் முகத்துல அடிச்ச மாதிரி டெங்கில் வரைக்கும் போயிருக்க வேணாம்மா. பேரு தானே, போனா வரும்."

அந்த மூன்று அறை வீட்டை வேறொருவர் வாங்கிவிட்டார். அவ்வழியாகப் பள்ளிக்குப் போகும்போது ஒருநாள் தாரிணி கேட்டாள், தமிழிலேயே கேட்டாள்: "அம்மா, என் பேர அழிச்சிருப்பாங்களா?"

பெயிண்ட் அடித்திருப்பார்கள் என்று சொன்னேன்.

7

பன்னிரண்டு மாதமும் பூஜ்யம் ஆன பிறகு ஷாமினியிடம் மட்டும் விண்ணப்பித்தேன். கடன் கிடைத்தது. அதற்குள் விலை ஏறி, சேமிப்பும் குறைந்திருந்ததால் இரண்டு அறை வீடுதான் எங்களால் முடிந்தது. தாரிணிக்கு என்று தனி அறை இல்லை. கூடத்தில் ஒரு மூலையைத் திரைபோட்டுக் கொடுத்திருக்கிறோம்.

வங்கி சம்மதித்தாலும் வேலை முடியவில்லை. நான் குடியுரிமை இல்லாதவள். வீட்டுப் பத்திரத்தில் குமரன் பெயருக்குக் கீழே என் பெயரை எழுத மாநில அரசு தனியாகச் சம்மதம் தர வேண்டும். வழக்கறிஞர் அலுவலகத்தில் அட்டையின் இரண்டு பக்கமும் நகல், கல்யாணப் பதிவின் நகல், நாமக்கல் பிறப்புச் சான்றிதழ், அதன் மலாய் மொழிபெயர்ப்பு, மொழிபெயர்த்தவரின் முத்திரை. பிறகு பல மாதக் காத்திருப்பு. ஒரு வீட்டில் என் பெயரைச் சேர்க்க இத்தனை பேர் யோசிக்கிறார்கள். ஒரு காரில் சேர்க்க யாருமே யோசிக்கவில்லை, நான் உட்பட.

8

பால் காய்ச்சுவதற்கு அத்தை வந்தார், முரளி வந்தான். செல்வத்தையும் அவர் மனைவியையும் நான் அழைத்திருந்தேன். குமரனுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

பால் பொங்கி, கும்பிட்டு, எல்லோருக்கும் ஊற்றிக்கொண்டிருந்தபோது குமரன் சமையலறைக்குள் வந்தார். கதவைப் பாதி சாத்தினார்.

"முரளி ஒரு லோரி பாத்து வச்சிருக்கான். செகண்ட் ஹேண்டு. நல்ல கண்டிஷன்."

நான் டம்ளர்களை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தேன்.

"இப்ப உன் பேரு..." என்று நிறுத்தினார்.

"முடிச்சுச் சொல்லுங்க."

"அம்மாதான் கேக்கச் சொன்னாங்க. இப்ப உன் பேரு கிளீன் ஆயிடுச்சில்ல. இந்த வாட்டி உன் நம்பரையே குடுத்துக்கலாம்ங்கிறான்."

கூடத்தில் முரளி எதற்கோ எல்லோரையும் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தான். தாரிணியின் சிரிப்புதான் பெரிதாகக் கேட்டது. சித்தப்பா என்றால் அவளுக்கு உயிர்.

"முடியாதுன்னு சொல்லுங்க."

"நல்ல நாளும் அதுவுமா எப்படிச் சொல்றது? யாரு சொன்னதா சொல்ல?"

"என் பேர்லயே சொல்லுங்க."

அவர் பாதி சாத்திய கதவைத் திறந்தார். பிறகு போனார். ஒவ்வொருவர் சிரிப்பாக நின்றது, தாரிணியுடையது கடைசியாக. அத்தை தலைவலி என்று எழுந்தார். முரளி அவரைக் கூட்டிப்போகக் கதவைத் திறந்தபோது வாசலில் செல்வமும் அவர் மனைவியும் சுவர்க் கடிகாரப் பெட்டியோடு நின்றிருந்தார்கள். முரளி அவர்களைத் தெரியாதவன்போல ஒதுங்கி, படியில் இறங்கினான்.

"சோரி அக்கா, லேட்டாயிடுச்சு," என்றார் செல்வம். "வழியெல்லாம் ஜாம். காரைக் கீழ கார்னர்ல போட்டிருக்கேன். இழுக்க மாட்டாங்கல்ல?"

"மாட்டாங்க," என்றேன். "உள்ள வாங்க."

அத்தைக்கு ஊற்றியிருந்த பாலில் ஆடை படிந்திருந்தது. அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, அவர்களுக்கு வேறு பாலைச் சூடாக்கினேன்.